பொது உழைப்புக்குப் பத்திரம் யார் பெயரில்?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த அரசியல் வகுப்பில் தோழர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



போன வாரம் நம் சங்கத்துத் தோழர் ஒருவர் ராத்திரி ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே சங்க ஆபீசுக்கு வந்தார். ஸ்பின்னிங் இலாகாவில் முப்பது வருஷம் நின்று உழைத்தவர். கையில் இரண்டு காகிதங்கள் இருந்தன.

"தோழர், என் மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான் அல்லவா? வேலை நேரம் போக மிச்ச நேரத்தில், காசு வாங்காமல், உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு புரோகிராமுக்கு ஏதோ எழுதிக் கொடுக்கிறானாம். அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமானால் இந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்று அமெரிக்காவிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாவது காகிதம் அவனுடைய முதலாளி கையெழுத்துப் போட வேண்டியதாம். 'போடலாமா அப்பா?' என்று கேட்கிறான். எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பத்திரத்தைப் பற்றித் தெரியும். என் பாட்டன் ஒரு பத்திரத்தில் கைநாட்டு வைத்துத்தான் இரண்டு ஏக்கர் நிலத்தைத் தோற்றார். அதனால்தான் கேட்க வந்தேன்" என்றார்.

தோழர்களே, இந்தக் கேள்வி அந்த ஒரு குடும்பத்தின் கேள்வி அல்ல. பலர் கூடி உழைத்து உண்டாக்கிய ஒரு பொருளுக்கு யார் பெயரில் பத்திரம் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. இதை நாம் தீர விசாரிக்க வேண்டும். அதனால் இன்றைய வகுப்பை இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

அரிசியும் விதைநெல்லும்

கம்ப்யூட்டர் தானாக ஒரு வேலையும் செய்வதில்லை. இன்னது செய், பிறகு இன்னது செய் என்று வரி வரியாக மனிதன் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வரிகளுக்குத்தான் புரோகிராம், மென்பொருள் என்று பெயர். உங்கள் கையில் இருக்கும் போனும் அப்படித்தான் ஓடுகிறது.

மென்பொருளுக்கு இரண்டு வடிவம் உண்டு. மனிதன் எழுதிய மூல வரிகள் ஒன்று; அதை இயந்திரம் படிக்கும்படி மாற்றிய வடிவம் மற்றொன்று. முன்னது விதைநெல், பின்னது அரிசி. அரிசியைச் சமைத்துச் சாப்பிடலாம், விதைக்க முடியாது. விதைநெல் கையில் இருந்தால் விதைக்கலாம், பொறுக்கி எடுத்து நல்ல ரகமாக்கலாம், பக்கத்து ஊர்க்காரனுக்கும் ஒரு மரக்கால் கொடுக்கலாம். பெரிய மென்பொருள் கம்பெனிகள் நமக்கு அரிசியை மட்டும் விற்றன. விதைநெல்லைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிக்கொண்டன.

1980-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் ஒரு சம்பவம் நடந்தது. எம்.ஐ.டி. என்ற கல்வி ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் புரோகிராம் எழுதும் வேலையில் இருந்தார. அங்கே ஜெராக்ஸ் கம்பெனி கொடுத்த ஒரு புதிய அச்சு இயந்திரம் வந்தது. அடிக்கடி காகிதம் சிக்கி நின்றுவிடும். பழைய இயந்திரத்தில் இதே தொல்லை இருந்தபோது, சிக்கியவுடன் எல்லோருக்கும் தகவல் போகும்படி அவரே புரோகிராமைத் திருத்தி வைத்திருந்தார். புதிய இயந்திரத்துக்கு மூல வரிகள் கிடைக்கவில்லை. இன்னொரு பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அந்த வரிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவரிடம் போய்க் கேட்டார். "தர மாட்டேன்; யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்று அவர் சொல்லிவிட்டார்.

கவனியுங்கள் தோழர்களே! ஓர் உழைப்பாளி இன்னோர் உழைப்பாளிக்கு உதவி செய்ய முடியாமல் நடுவே நின்றது எது? ஒரு கையெழுத்து!

ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் "குனு" என்ற திட்டத்தை அறிவித்தார். 1984 ஜனவரியில் எம்.ஐ.டி. வேலையை ராஜிநாமா செய்தார். வேலையில் இருந்துகொண்டே எழுதினால் எழுதியதெல்லாம் தன்னுடையது என்று ஸ்தாபனம் பாத்தியதை கொண்டாடும் என்பதே காரணம். 1985-ல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நிறுவப்பட்டது. கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன? யாரும் எதற்கும் ஓட்டலாம். மூல வரிகளைப் படித்துத் திருத்தலாம். பிரதி எடுத்து மற்றவருக்குக் கொடுக்கலாம். திருத்திய பிரதியையும் கொடுக்கலாம். இந்த நான்கு சுதந்திரங்களும் இருந்தால் அது கட்டற்றது.

1989-ல் "ஜி.பி.எல்." என்ற பொது உரிமம் வந்தது. அதன் சாரம் இதுதான்: இந்த விதைநெல்லை யாரும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதில் விளைந்ததை ஊருக்குக் கொடுக்கும்போது, அதே நிபந்தனையில், விதையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டி வைக்கக் கூடாது.

குத்தகை, கிரயம், பவர் பத்திரம்

இனி சட்டத்துக்கு வருவோம். ஒருவன் ஒரு கதையோ கட்டுரையோ எழுதினால், எழுதிய நிமிஷமே அதன் பதிப்புரிமை அவனுக்கு வந்துவிடுகிறது. புரோகிராமும் சட்டத்தின் கண்ணில் ஓர் எழுத்துத்தான். நம் நாட்டின் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-ல் கொண்டுவந்த திருத்தம் புரோகிராமை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்தது. உரிமை எழுதியவன் ஆயுள் முழுதும் உண்டு. அவன் இறந்தபின் இன்னும் 60 வருஷம் உண்டு.

ஆனால் இதில் ஒரு பெரிய பொத்தல் இருக்கிறது. சம்பளத்துக்கு வேலை செய்பவன் அந்த வேலையின்போது எழுதியது முதலாளிக்குச் சொந்தம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் இந்தியச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அமெரிக்கச் சட்டமும் அப்படித்தான். நீங்கள் நூற்ற நூல் மில்லுக்குச் சொந்தமாவது போல, அவன் எழுதிய வரி கம்பெனிக்குச் சொந்தம்.

பதிப்புரிமை உள்ளவன் அதை மூன்று வகையில் பிறர் கையில் கொடுக்கலாம். நிலத்தை வைத்துச் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும்.

முதலாவது குத்தகை. பட்டா என் பெயரில் இருக்கிறது. இன்ன நிபந்தனையில் நீ பயிர் செய்துகொள் என்பது. மென்பொருளில் இதற்கு உரிமம் என்று பெயர். ஜி.பி.எல். என்பது ஊருக்கெல்லாம் விட்ட குத்தகை.

இரண்டாவது சுத்தக் கிரயம். பட்டாவே கை மாறிவிடுகிறது. பதிப்புரிமையை முழுக்க இன்னொருவர் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுவது. நம் தோழரின் மகனுக்கு வந்த பத்திரம் இந்த வகைதான். இது எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும். நம் சட்டப்படி எத்தனை காலத்துக்கு என்று பத்திரம் சொல்லாவிட்டால் 5 வருஷம்தான் செல்லும். எந்த எல்லைக்குள் என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். ஆகவே வெளிநாட்டிலிருந்து வரும் பத்திரத்தில் காலமும் எல்லையும் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நம் ஊரில் பவர் பத்திரம் என்கிறோமே, அதைப் போன்றது. பட்டா உன் பெயரிலேயே இருக்கட்டும் என்பான். ஆனால் யாருக்கும், எந்த நிபந்தனையிலும், எக்காலத்துக்கும் விட்டுக்கொள்ளும் அதிகாரத்தை எழுதி வாங்கிக்கொள்வான். மென்பொருள் கம்பெனிகள் இதற்குப் "பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம்" என்று பெயர் வைத்திருக்கின்றன. பவர் கொடுத்துவிட்டு நிலத்தைத் தோற்றவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சங்கம் ஏன் பத்திரம் கேட்கிறது?

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை லாபத்துக்கு நடக்கும் கம்பெனி அல்ல. அப்படியிருக்க, அது ஏன் கிரயம் கேட்டது?

வழக்காட வேண்டும் என்பதற்காக. ஜி.பி.எல். நிபந்தனையை ஒரு கம்பெனி மீறினால், அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பதிப்புரிமை உள்ளவர்தான் கோர்ட்டுக்குப் போக முடியும். ஒரு புரோகிராமில் ஐந்நூறு பேர் ஆளுக்குக் கொஞ்சம் எழுதியிருந்தால், எது யாருடையது என்று நிரூபிப்பதற்குள் வழக்கு வற்றிப்போகும். எல்லாம் ஒரே பெயரில் இருந்தால் வலுவாக நிற்கலாம்.

இது வெறும் வாதமல்ல. இரண்டு வழக்குகளைப் பாருங்கள்.

சிஸ்கோ என்ற ராட்சதக் கம்பெனி, அப்போது தன் கையில் இருந்த லிங்க்ஸிஸ் என்ற பெயரில் இணையச் சாதனங்களை விற்றது. அவற்றில் குனு மென்பொருள் இருந்தது. மூல வரிகளை முறைப்படி கொடுக்கவில்லை என்று அறக்கட்டளை வருஷக்கணக்கில் பேசிப் பார்த்தது. பலிக்கவில்லை. 2008 டிசம்பரில் நியூயார்க் கோர்ட்டில் வழக்குப் போட்டது. 2009 மே மாதத்தில் சிஸ்கோ ராஜிக்கு வந்தது. நிபந்தனைகள் சரியாக நடக்கின்றனவா என்று பார்க்க ஓர் அதிகாரியை நியமிக்க ஒப்புக்கொண்டது. அறக்கட்டளைக்குப் பணமும் கொடுத்தது. அந்த மென்பொருளின் பதிப்புரிமை ஒரே கையில் இருந்தது; அதனால் கோர்ட்டில் நிற்க முடிந்தது.

இன்னொரு வழக்கு ஜெர்மனியில் நடந்தது. லினக்ஸ் என்ற மென்பொருளில் அவரவர் எழுதியது அவரவருக்கே சொந்தம். கிறிஸ்டோப் ஹெல்விக் என்பவர் அதில் எழுதியவர்களில் ஒருவர். வி.எம்.வேர் கம்பெனி தன் சரக்கில் லினக்ஸ் வரிகளைச் சேர்த்துக்கொண்டு ஜி.பி.எல்.லை மீறியது என்று 2015-ல் ஹாம்பர்க் கோர்ட்டுக்குப் போனார். 2016-ல் வழக்குத் தள்ளுபடி. எந்தெந்த வரி தன்னுடையது, அது எங்கே பயன்பட்டது என்பதை அவர் போதிய அளவு காட்டவில்லை என்று கோர்ட் சொன்னது. அப்பீலும் 2019-ல் தள்ளுபடியானது. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி சர்ச்சைக்குரிய பகுதியை எடுத்துவிடப் போவதாக அறிவித்தது என்பது வேறு விஷயம். கோர்ட்டில் தனி மனிதன் தோற்றான்.

மில் வாசலில் ஒருவன் தனியாக நின்று நியாயம் கேட்பதற்கும் சங்கம் நின்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். உங்களுக்கு இது புதிதல்ல.

அறக்கட்டளை பத்திரம் வாங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதலாளியின் பாத்தியதையை முன்கூட்டியே அடைக்க வேண்டும். தொழிலாளி பொதுவுக்கு எழுதிக் கொடுத்தபின், "அவன் என் ஆள், அது என் சொத்து" என்று கம்பெனி வந்து நின்றால் பொதுச் சொத்து முழுவதற்கும் வில்லங்கம். அதனால்தான் முதலாளியிடமும் "எனக்கு இதில் பாத்தியதை இல்லை" என்று ஒரு காகிதம் வாங்குகிறார்கள். நம் தோழர் கொண்டுவந்த இரண்டாவது காகிதம் அதுதான்.

சரி, கிரயம் வாங்கிக்கொண்டு அறக்கட்டளை பதிலுக்கு என்ன எழுதிக் கொடுக்கிறது? உன் வரிகளை நாங்களோ, எங்களுக்குப் பிறகு வருபவர்களோ வெளியிடும்போது, யாரும் பிரதி எடுத்து மற்றவருக்கு வழங்கலாம் என்ற நிபந்தனையில்தான் என்றென்றைக்கும் வெளியிடுவோம் என்று உறுதி கொடுக்கிறது. எழுதியவர் தம் வரிகளைத் தாமும் விருப்பம்போல் பயன்படுத்தலாம் என்று உரிமையைத் திருப்பியும் கொடுக்கிறது. சில்லறைத் திருத்தத்துக்கு, ஏறக்குறைய 15 வரிக்குள் இருந்தால், பத்திரமே கேட்பதில்லை.

ஆக இது வெறும் கிரயம் அல்ல. தர்ம சாசனம் போன்றது. கோயில் நிலத்தைத் தர்மகர்த்தா பெயரில் வைக்கிறோம். தர்மகர்த்தா விற்றுத் தின்னக் கூடாது என்று சாசனத்திலேயே எழுதுகிறோம். அது மாதிரி.

அதே பத்திரம் முதலாளி கையில்!

இதைப் பார்த்த முதலாளிகள் என்ன செய்தார்கள்? "நல்ல வழக்கமாக இருக்கிறதே, நாமும் எழுதி வாங்குவோம்" என்றார்கள். பத்திரத்தை வாங்கினார்கள், உறுதிமொழியை மட்டும் விட்டுவிட்டார்கள்! ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான்.

மைஎஸ்கியூஎல் என்று ஒரு மென்பொருள். தகவல்களை அடுக்கிவைத்து, கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் களஞ்சியம். ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி அதை ஜி.பி.எல்.லில் ஊருக்குக் கொடுத்தது. ஆனால் வெளியார் எழுதிய வரி உட்பட உரிமை முழுவதும் தன் கையில் இருக்கும்படி எழுதி வாங்கியது. அதனால் அதே மென்பொருளைப் பூட்டிவைக்க விரும்பும் கம்பெனிகளுக்குத் தனி உரிமம் எழுதிக் காசுக்கு விற்க முடிந்தது. 2008-ல் சன் கம்பெனி ஏறக்குறைய 100 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது. 2010-ல் ஆரக்கிள் என்ற ஏகபோகம் சன் கம்பெனியையே விழுங்கியது. களஞ்சிய மென்பொருள் விற்பதையே பிழைப்பாகக் கொண்ட ஆரக்கிள், தன் போட்டியாளரின் பட்டாவையும் சேர்த்து வாங்கிக்கொண்டது! மைஎஸ்கியூஎல்லை உண்டாக்கியவர்களில் ஒருவரான மாண்டி விடேனியஸ் ஜி.பி.எல். பிரதியை எடுத்துக்கொண்டு மரியாடிபி என்ற பெயரில் தனியாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

ஓபன் ஆபீஸ் கதையும் அப்படியே. எழுதியவர்கள் சன் கம்பெனிக்குக் கூட்டுப் பதிப்புரிமை எழுதிக் கொடுத்தார்கள். அது ஆரக்கிளுக்குப் போயிற்று. 2010 செப்டம்பரில் எழுதியவர்கள் பலர் வெளியேறி லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். அங்கே என்ன விதி தெரியுமா? பதிப்புரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை! பட்ட அனுபவம் கற்றுக்கொடுத்த விதி அது.

அண்மைக் காலத்துக் கதை ஒன்று. ஹாஷிகார்ப் என்ற அமெரிக்கக் கம்பெனி டெராபார்ம் என்ற கட்டற்ற மென்பொருளை வெளியிட்டது. உலகெங்கும் இருந்து பலர் வரிகள் எழுதிக் கொடுத்தார்கள். எழுதியவர்களிடம் நான் சொன்ன அந்தப் பவர் பத்திரத்தைக் கம்பெனி வாங்கி வைத்திருந்தது. 2023 ஆகஸ்டில் ஒரு நாள், இனி வரும் பதிப்புகளுக்குப் பழைய உரிமம் இல்லை, கம்பெனியோடு போட்டி போடுகிறவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. சட்டப்படி அதைக் கேட்க முடியுமா? முடியாது, கையெழுத்து இருக்கிறது. பழைய பதிப்பை எடுத்துக்கொண்டு ஓபன்டோபு என்ற பெயரில் மற்றவர்கள் வேறு களம் அமைத்தார்கள். ஹாஷிகார்ப் கம்பெனியை வாங்கப் போவதாக 2024-ல் ஐ.பி.எம். அறிவித்தது; 2025 பிப்ரவரியில் வாங்கி முடித்தது. விலை 640 கோடி டாலர்! சும்மா எழுதிக் கொடுத்தவனுக்கு அதில் என்ன பங்கு? ஒரு சல்லிக் காசு இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். கட்டற்ற உரிமத்தில் ஏற்கெனவே வெளியிட்ட பதிப்பை யாரும் பிடுங்க முடியவில்லை. ஊருக்குக் கொடுத்த விதைநெல் ஊரிடமே இருந்தது. அதனால்தான் மரியாடிபி, லிப்ரே ஆபீஸ், ஓபன்டோபு எல்லாம் உயிரோடு இருக்கின்றன. ஆனால் கூட்டமாக உழைத்தவர்கள் இரண்டாகப் பிரிய வேண்டியதாயிற்று. பெயர் போயிற்று, வருஷக்கணக்கான உழைப்பு சிதறிற்று.

இன்னொன்று. இதே மாதிரி ஒப்பந்தத்தை லாபநோக்கற்ற அபாச்சி அறக்கட்டளையும் வாங்குகிறது. ஆகவே காகிதத்தின் தலைப்பைப் பார்த்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். யார் வாங்குகிறார், பதிலுக்கு என்ன எழுதிக் கொடுக்கிறார் என்று பாருங்கள்.

யாருக்கும் எழுதிக் கொடுக்காத வழி

"எதற்கு வம்பு? யாருக்கும் எழுதிக் கொடுக்காமலே இருந்தால் என்ன?" என்று கேட்பீர்கள். அப்படியும் ஒரு வழி இருக்கிறது.

1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அந்த வழியில்தான் நடக்கிறது. ஆண்ட்ராய்டு போனுக்கு அடித்தளம் இதுவே. ஆயிரக்கணக்கானோர் எழுதியிருக்கிறார்கள், அவரவர் பட்டா அவரவரிடம். எல்லோரும் ஜி.பி.எல். குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். யாராவது ஒரு பண மூட்டை வந்து லினக்ஸை விலைக்குக் கேட்டால் விற்க ஆள் இல்லை! ஆயிரக்கணக்கான பட்டாதாரரையும் தேடிப் பிடித்துச் சம்மதிக்க வைக்க வேண்டும். அது நடக்காத காரியம். அதுவே அதற்குக் கோட்டைச் சுவர்.

2003-ல் எஸ்.ஸி.ஓ. என்ற கம்பெனி, லினக்ஸில் தன் சொத்து கலந்திருக்கிறது என்று சொல்லி ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்தது. அதன்பின், 2004 முதல், எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் "இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு" என்று தம் பெயரிட்டு ஓர் உறுதி வரி சேர்க்கும் வழக்கம் வந்தது. கிரயம் இல்லை, சாட்சிக் கையெழுத்து மட்டும்.

ஆனால் இதிலும் குறை உண்டு. கோர்ட்டில் தனி ஆளின் பலவீனத்தை ஹாம்பர்க்கில் பார்த்தோம். இன்று லினக்ஸில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கம்பெனிகளில் சம்பளம் வாங்குபவர்கள். அவர்கள் எழுதியதன் பட்டா பெரும்பாலும் கம்பெனி பெயரில் இருக்கிறது. ஆகவே "அவரவருக்குச் சொந்தம்" என்பதை முழு உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே முதலாளியிடம் எல்லாம் குவியவில்லை என்பதே அதில் உள்ள நன்மை.

மாறாக, ஒரே கையில் குவித்தால் அந்தக் கையை யார் கண்காணிப்பது? கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்குச் சந்தா கட்டும் உறுப்பினர்கள் அதன் வாரியத்தை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. ஸ்டால்மன் 2019-ல் வாரியத்திலிருந்து விலகியதும் 2021-ல் திரும்பி வந்ததும் பெரும் சச்சரவை உண்டாக்கின. அதே 2021 ஜூனில், குனுவின் தூண்களில் ஒன்றான ஜி.ஸி.ஸி. மென்பொருளின் குழு, இனி பத்திரம் கட்டாயமில்லை, விரும்பினால் லினக்ஸ் மாதிரி உறுதி வரி போதும் என்று தீர்மானித்தது. ஆகஸ்டில் ஜிலிப்ஸி குழுவும் அப்படியே செய்தது. நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது தோழர்களே. ஸ்தாபனத்துக்குள் ஜனநாயகம் இருந்தால்தான் பத்திரம் எழுதிக் கொடுப்பவனுக்கு நம்பிக்கை வரும். சங்கக் கட்டிடத்தைத் தலைவர் பெயரிலா, சங்கத்தின் பெயரிலா பதிவது என்ற கேள்வியும் இதுவேதான்.

ஐரோப்பாவில் நடுவழி ஒன்று கண்டிருக்கிறார்கள். ஜெர்மன் சட்டத்தில் எழுதியவனுடைய மூல உரிமையை உயிரோடு இருக்கையில் கிரயம் செய்யவே முடியாது. பயன்படுத்தும் உரிமையைத்தான் கொடுக்கலாம். அதனால் ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நம்பிக்கைப் பொறுப்பு ஒப்பந்தம் ஒன்றை வகுத்தது. பொறுப்பேற்பவர் கட்டற்ற மென்பொருள் நெறிக்கு மாறாக நடந்தால், கொடுத்த உரிமை தானாகவே எழுதியவரிடம் திரும்பிவிடும் என்பது அதில் ஒரு ஷரத்து. கே.டி.ஈ. என்ற மென்பொருள் கூட்டத்தார், உறுப்பினர் ஓட்டுப் போடும் தங்கள் சங்கத்தின் பெயரில் இதை வைத்துக்கொண்டார்கள். கட்டாயமில்லை, விரும்பினால் கையெழுத்திடலாம்.

மகனுக்கு என்ன சொன்னோம்?

நம் தோழரின் கையில் இருந்த பத்திரத்தை ஆங்கிலம் தெரிந்த ஒரு தோழரை வைத்து வரி வரியாகப் படித்தோம். ஐந்து கேள்விகளை அதனிடம் கேட்டோம். இந்த ஐந்தையும் நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஒன்று: யார் பெயருக்கு எழுதுகிறாய்? நாளைக்கு விலைபோகக் கூடிய கம்பெனிக்கா, லாபநோக்கற்ற பொது ஸ்தாபனத்துக்கா?

இரண்டு: என்றும் கட்டற்றதாகவே வெளியிடுவோம் என்று அவர்கள் எழுத்தில் உறுதி கொடுக்கிறார்களா? அவர்களுக்குப் பின் வருபவரையும் அது கட்டுப்படுத்துமா?

மூன்று: உறுதியை மீறினால் என்ன நடக்கும் என்று எழுதியிருக்கிறதா?

நான்கு: நீ எழுதியதை நீயே பயன்படுத்தும் உரிமை உனக்கு மிஞ்சுகிறதா?

ஐந்து: அதைக் கொடுக்க உனக்கு உரிமை இருக்கிறதா? அதாவது, உன் முதலாளி நாளைக்கு வந்து பாத்தியதை கொண்டாடுவானா?

முதல், இரண்டாம், நான்காம் கேள்விகளுக்குப் பத்திரத்தில் நல்ல பதில் இருந்தது. மூன்றாவதற்குத் தெளிவான பதில் இல்லை. அதைக் கடிதம் எழுதிக் கேட்கச் சொன்னோம். ஐந்தாவதில்தான் தோழர்களே, முள் தைத்தது.

மகனுடைய நியமன உத்தரவை வாங்கிப் பார்த்தோம். வேலையில் இருக்கும் காலத்தில், ஆபீசில் எழுதினாலும் வீட்டில் எழுதினாலும், பகலில் எழுதினாலும் இரவில் எழுதினாலும் எல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒரு ஷரத்து! சேரும் அன்று அறுபது பக்கத்தோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பையன் அதைப் படிக்கவே இல்லை.

அதைக் கேட்டதும் நம் தோழர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மில் முதலாளி என்னுடைய எட்டு மணி நேரத்தைத்தான் வாங்கினான். சங்கு ஊதினால் வெளியே வந்துவிடுவேன். என் மகனுடைய இருபத்து நாலு மணி நேரத்தையும் அல்லவா இவன் வாங்கியிருக்கிறான்!"

தோழர்களே, எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளர் ரத்தம் சிந்தினார்கள். எட்டு மணி வேலை, மிச்ச நேரம் எனக்கு என்றார்கள். குளிர்சாதன அறையில், கண்ணாடிக் கட்டிடத்தில், அந்த மிச்ச நேரத்தை ஒரு ஷரத்தின் மூலம் திருடிக்கொண்டிருக்கிறார்கள். அவன் சம்பளம் உங்கள் சம்பளத்தைவிட அதிகமாக இருக்கலாம். அதனால் அவன் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடுமா? உழைப்பை விற்றுப் பிழைப்பவன் தொழிலாளிதான்.

கம்பெனிக்குக் காகிதம் போயிருக்கிறது. "ஓய்வு நேரத்தில் இந்தப் பொது மென்பொருளுக்கு அவன் எழுதுவதில் எங்களுக்குப் பாத்தியதை இல்லை" என்று ஒரே ஒரு வாக்கியம். இன்று வரை கம்பெனி கையெழுத்துப் போடவில்லை. அது வரும் வரையில் நீயும் போடாதே, எழுதியதை அனுப்பவும் செய்யாதே என்று பையனிடம் சொல்லியிருக்கிறோம். அவசரப்பட்டு அனுப்பினால் அவனுக்கும் தொல்லை, பொதுச் சொத்துக்கும் வில்லங்கம்.

ஆனால் ஒருவன் தனியாகக் கேட்டால் மேஜை டிராயருக்குள் போகும் காகிதம், ஐம்பது பேர் சேர்ந்து கேட்டால் மேஜைமேல் வரும். தன்னோடு வேலை செய்பவர்களிடம் பேசிப் பார்க்கிறேன் என்று பையன் சொல்லியிருக்கிறான். முதல் முறையாகச் சங்கம் என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது என்று அப்பா சொன்னார்.

உழைப்பாளிகள் கூடினால் பொதுவில் ஒரு பொருளை உண்டாக்க முடியும், அது முதலாளியின் சரக்கைவிட நன்றாகவும் ஓடும் என்பதற்குக் கட்டற்ற மென்பொருள் கண்முன் நிற்கும் சாட்சி. உண்டாக்கினால் மட்டும் போதாது, காப்பாற்றவும் வேண்டும். களத்தில் நெல் குவித்துவிட்டுத் தூங்கினால் விடியும்போது களம்தான் இருக்கும்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளைகளிடம் அவர்களுடைய நியமன உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த வகுப்புக்கு வரும்போது கொண்டுவாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.